செல்லும் என்று சொல்ல வைத்தவர்

கண்டியில் ஒரு வங்கிக் கவுண்டரில் நான் வேலை பார்த்தபோது, ஹேவாஹெட்டயிலிருந்து ஓர் அம்மா வந்தார். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பச்சை ஸ்வெட்டர், கக்கத்தில் நனைந்த குடை. யார் எதைச் சொன்னாலும் "இன்னொருக்கா சொல்லுங்க" என்பார். டோக்கன் இலக்கத்தைக்கூடக் காவலாளியை மூன்று தரம் சொல்ல வைத்தார்.

என் முன்னே ஐந்து பழைய பத்து ரூபாய்த் தாள்களை விரித்தார். இப்போது பத்து ரூபாய் என்றால் நாணயக் குற்றிதான். இந்தத் தாளைக் கண்டால் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

"இது செல்லுமா, செல்லாதா தம்பி?"

"ஓம் அம்மா, செல்லும். தாங்கோ, மாத்தித் தாறன்."

"இன்னொருக்கா சொல்லுங்க."

"செல்லும்."

உடனே போனை எடுத்துப் பேசி, கண்ணாடி இடைவெளியால் என்னிடம் நீட்டினார். "எங்க வீட்டுக்காரரு. செல்லாத காசு, அடுப்புல போடுன்னு ஒரு வாரமா கத்துறாரு. அவருகிட்டயும் சொல்லுங்க."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் சொன்னேன். மறுமுனையிலிருந்து, "அப்படின்னா வர்றப்ப அதுல எனக்கு வெத்தல வாங்கிட்டு வரச் சொல்லுங்க சார்" என்றார் அவர்.

அதையும் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே தாள்களை மடித்துப் பேர்ஸுக்குள் வைத்தார்.

"மாத்த வேண்டாமோ அம்மா?"

"எதுக்குத் தம்பி? அதான் செல்லுதே."

வந்துபோகும் பஸ் காசுக்கே அந்த ஐம்பது ரூபாய் போதாது என்று பிறகுதான் யோசித்தேன். ஆனால் வாசலைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்த்த எவரும் அதை நட்டம் என்று சொல்லமாட்டார்கள்.