ஏலத்தில் திரும்பி வந்த முயல்

முயல் மூத்திரத்தின் நெடியை அறிந்தவர்கள் முயலைப் பஞ்சுப்பொதி என்று கொஞ்ச மாட்டார்கள். தொண்ணூற்றொன்றாம் ஆண்டில், வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், அந்த நெடியும் கசங்கிய அருகம்புல்லின் பச்சை வாசனையும் கலந்து எந்நேரமும் மூக்கைத் துளைத்துக்கொண்டிருக்க, கம்பி வலை அடித்த பழைய மரப்பெட்டிக்குள் இரண்டு பெண் முயல்கள் ஒன்றின்மேல் ஒன்று தலை வைத்துக் கிடக்கும். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை. காதில் கறுப்புப் புள்ளி உள்ளது ஸ்டெல்லா அக்காவுடையது, பெயர் மிளகு. முழு வெள்ளை என்னுடையது, பெயர் ராணி. எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று.

அந்த வருஷம் எனக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து வீடே கதிகலங்கிப்போனது. நான் பிழைத்தெழுந்தால் "அறுப்பின் பண்டிகை"க்கு ஒரு முயலைப் படைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். எந்த முயல் என்று சொல்லவில்லை. அந்தப் பண்டிகையில் பூசணிக்காயும் வாழைத்தாரும் சேவலுமாகச் சர்ச்சில் வந்து குவியும்; ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள்.

பண்டிகையன்று பாட்டுக்குழுவோடு பாட வேண்டுமென்று அக்கா முன்னதாகவே போய்விட்டாள். முயலைக் கூடையில் வைக்கும் வேலையை அம்மா என்னிடம் விட்டாள். நேர்த்தி எனக்காக, நியாயப்படி போகவேண்டியது ராணி. நான் மிளகை எடுத்து வைத்தேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான், ஆனால் நடுங்கவில்லை.

ஏலத்தில் மிளகைக் கண்டதும் அக்கா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அவரே ஏலம் கேட்டு முயலை எடுத்துவிட்டார். "அவசரத்துல கைக்கு ஆப்ட்டத போட்டுட்டேன்க்கா" என்று நான் வாய் கூசாமல் புளுகினேன். அக்கா மிளகை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் விட்டதுதான் தாமதம், ராணி அதன்மேல் பாய்ந்தது. காலையில் ஒட்டிக் கிடந்த இரண்டும் மதியம் கட்டிப் புரண்டு கடித்துக்கொண்டன. பெட்டியெங்கும் ரோமம் பறந்தது, மிளகின் காது கிழிந்து ரத்தம் வடிந்தது. "குட்த்தத திருப்பி வாங்கிகினு வந்தா ஆண்டவரு ஒத்துக்குவாரா?" என்று அம்மா கலங்கிப்போய், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சண்டை நிற்காவிட்டால் மிளகைச் சர்ச்சிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். என் திருட்டுத்தனத்தைக் காட்டிக்கொடுக்கத்தான் ஆண்டவர் ராணியை ஏவிவிட்டார் என்று நான் நம்பினேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் அக்காதான். மிளகை மோந்து பார்த்துவிட்டு, "இன்னாடீ இது, கோழி நாத்தம் அடிக்குது" என்றாள். சேவல்களுக்கு நடுவே கிடந்து, பவுடர் பூசிய பத்துக் கைகள் மாறி வந்த மிளகை ராணிக்கு அடையாளமே தெரியவில்லை. முயலுக்கு வாசனைதான் முகம்; வேறு வாசனையோடு தன் பெட்டிக்குள் வந்தது எவளோ ஒருத்தி என்று நினைத்துத்தான் கடித்திருக்கிறது, பாவம். அக்கா பெட்டியின் நடுவே வலை வைத்துப் பிரித்தாள். இது படுத்த வைக்கோலை அதற்கும், அது படுத்ததை இதற்கும் தினமும் மாற்றிப் போட்டாள். ஒரே பழைய துணியால் இரண்டையும் தடவிவிட்டாள். சனிக்கிழமை வலையை எடுத்தபோது, ராணி சற்று முகர்ந்துவிட்டு மிளகின் கிழிந்த காதை நக்கத் தொடங்கியது. அம்மா "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை.

நாங்கள் புல் அறுத்த ஏரிப்புறத்தில் இன்று கார் கம்பெனியின் புதுக் கார்கள் வரிசையாக நின்று வெயில் காய்கின்றன. அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் பணமாகவே கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். சர்ச் வாசலில் சேவல் கூவுவதில்லை. அக்கா குன்றத்தூரில் இருக்கிறாள். தன் மகள் வளர்க்கும் இரண்டு முயல்களில் ஒன்றை ஊசி போடக் கொண்டுபோய் வந்ததிலிருந்து இரண்டும் அடித்துக்கொள்வதாகப் போன மாதம் போனில் சொல்லிச் சிரித்தாள். பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு மிளகைத் தெரிந்தேதான் கூடையில் வைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

"நீ பொழச்சி வந்ததுக்கு நேர்ந்ததுடீ அது" என்றாள் அக்கா. "கேட்டிருந்தா நானே குட்த்திருப்பேன்."