பக்கத்துக் கட்டில்

நான் பட்டனுக்குக் காஜா எடுக்கும் கடையின் டெய்லரம்மா தங்கமான மனுஷி. பொறாமை வந்துவிட்டால் மட்டும் பித்தளை. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவருக்கும் தங்கைக்கும் பிறவியிலேயே ஒரு அபூர்வக் கோளாறு. ரத்தத்தின் சிவப்பணு எலும்புக்குள்ளேயே, முழுசாக வளருமுன் செத்துப்போகும். மாதாமாதம் இருவரும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்து ரத்தம் ஏற்றிக்கொண்டே, நர்சு முதல் பக்கத்து வீட்டுக்காரி வரை ஒருவர் விடாமல் கிழிப்பார்கள். வீட்டிலும் காலையில் ஒருத்தியின் கீழ் இமையை மற்றவள் இழுத்து, வெளுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காப்பி.

பிறகு டாக்டர் இருவருக்கும் ஒரு புது ஊசி போட்டுப் பார்த்தார். அணுக்கள் முதிரும்வரை வளர உதவும் வளர்ச்சிக் காரணி மருந்தாம். தங்கைக்கு ரத்தம் ஏற்றும் வேலையே இல்லாமல் போனது. டெய்லரம்மாவுக்கு ஒன்றும் பலிக்கவில்லை; ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்தும் ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

முன்பெல்லாம் மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவள் இப்போது பாட்டு பாடிக்கொண்டே ஏறுகிறாள் என்று டெய்லரம்மா என்னிடம் பொருமுவார். இமை பார்ப்பதை நிறுத்தினார். பேச்சையும் நிறுத்தினார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த யாரோ ஒருத்தியின் சிவந்த கன்னத்தைக்கூட முறைத்தார். ரத்தம் ஏற்றத் தனியாகவே போய்வந்தார்.

ஒருநாள் தங்கை கடைக்கு வந்தாள். இரண்டு படி ஏறுவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டெய்லரம்மா எழுந்துபோய் அவள் இமையை இழுத்துப் பார்த்தார். சுத்த வெளுப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. எனக்கே அவரை ஒரு அறை விடலாம் போலிருந்தது.

மருந்து உன்னையும் கைவிட்டுவிட்டதா என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லையாம். இரண்டு தடவையாக இவள்தான் ஊசிக்குப் போகவில்லையாம்.

"ஏன்டி?"

"நீதான் பேசறதே இல்லையேக்கா. பக்கத்துக் கட்டில்ல வந்து படுத்தாலாவது பேசுவேன்னு நினைச்சேன்."

 டெய்லரம்மா பாதி தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு, தங்கையின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினார். படியிறங்கும்போது சொன்னார்:

"உனக்கு நல்லா ஊறட்டும்டி ரத்தம். நான் வயிறெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல உக்காந்திருக்கேன்."