ஒரு மீசையும் ஒரு ஹாட்பாக்ஸ் இட்லியும்

போன வருடம் பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மென்ட். பாத்ரூம் கண்ணாடி முன்னால் என் வீட்டுக்காரரும் மகனும் முகமெல்லாம் நுரையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

மகன் காலேஜில் முதல் வருடம். டிரிம்மர் போட்டுப் போட்டுக் கன்னமெல்லாம் பொரிந்துவிட்டதால் பிரஷ், சோப்பு, பழைய மாடல் ரேசர் என்று ஒரு ஷேவிங் செட்டை ஆன்லைனில் வாங்கியிருந்தான். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்றவனை இவர் விடவில்லை. "இத்தனை வருஷமா பிளேடு புடிக்கிறவன் வீட்லயே இருக்கேன், உனக்கு எதுக்குடா வீடியோ?" என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

இவருக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், முடி வளரும் பக்கமாகவே இறக்க வேண்டும், அழுத்தவே கூடாது என்று சொல்லிக்கொண்டே பிரஷ்ஷைச் சுழற்றியதில் நுரை மீசைக்கும் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து குக்கர் விசிலடித்தது. "ஏய், கேஸை நிறுத்து!" என்று ரேசரை முகத்திலிருந்து எடுக்காமலேயே என் பக்கம் திரும்பினார். பாதி மீசை போய்விட்டது.

"அப்பா, இதுவும் பாடத்துல வருதா?" என்றான் மகன். நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வேறு வழியில்லாமல் மீதியையும் வழித்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்தே இராத ஒரு மேலுதடு அங்கே இருந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அன்று சாயங்காலம் மாமனார் வருகிறார்.

எங்கள் பக்கத்தில் அப்பா இருக்கும்வரை பிள்ளை மீசையை எடுக்க மாட்டான். அவர் போனால் காரியத்தின்போதுதான் எடுப்பான். மாமனாருக்கு இதிலெல்லாம் பயங்கரப் பிடிவாதம். போதாக்குறைக்கு, சில மாதங்களுக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்தவர். மறுநாள் செக்கப்புக்காகத்தான் திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏறியிருந்தார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் சாவு என்ற வார்த்தையையே யாரும் எடுப்பதில்லை. சீரியலில் யாராவது செத்தால்கூட சேனலை மாற்றிவிடுவோம். இந்த நிலைமையில் ஒரே பிள்ளை இந்த முகத்தோடு எதிரில் போய் நின்றால் அவர் நெஞ்சு தாங்குமா? என் சிரிப்பு நின்றுவிட்டது.

இவர் சோப்பு பட்டுச் சிவந்த கண்ணோடு தயிர் வாங்கக் கீழே போய்விட்டு வந்தார். "லிஃப்ட்ல எதிர் வீட்டம்மா என் கையைப் புடிச்சிட்டு, தைரியமா இருங்கன்னாங்க. நல்ல மனசு" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் ஐப்ரோ பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தூரத்திலிருந்து பார்த்தால் அது மீசைதான். கிட்டப் போனால் மாறுவேடப் போட்டி. அதனால் ஹாலில் லைட் போடவில்லை. மகன் பஸ் ஸ்டாப்பிலிருந்து தாத்தாவைக் கூட்டி வந்தான். "ஏம்மா, கரண்டு இல்லியா?" என்று கேட்டபடி மாமனார் சோபாவில் உட்கார்ந்தார். இவர் ஜன்னலோரமாக நின்று வெளியே பார்த்துக்கொண்டே அப்பாவை நலம் விசாரித்தார்.

காலிங் பெல் அடித்தது. கையில் பெரிய ஹாட்பாக்ஸும் தூக்குப்பாத்திரமுமாக எதிர் வீட்டம்மா. மண்டியா பக்கத்துக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார், மரியாதைக்குச் சொல்லும் கன்னட ‘ரீ’ மட்டும் கூடவே வரும். "காலையில சார் முகம் பார்த்தவுடனே புரிஞ்சுது ரீ. மாமனார் போயிட்டாரு, ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க! மூணு நாள் அடுப்பு பத்த வைக்காதீங்க, நான் கொண்டு வர்றேன்" என்று கண்ணைத் துடைத்தார்.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. "யாரும்மா போனது?"

எதிர் வீட்டம்மாவுக்கு அவருடைய ஹார்ட் அட்டாக் தெரியுமே தவிர, அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. "இவர் யாரு ரீ?" என்றார் மெதுவாக.

"அவர்தான்" என்றேன்.

ஹாட்பாக்ஸ் நழுவியது, மகன் பாய்ந்து பிடித்தான். மாமனார் எழுந்துபோய் லைட்டைப் போட்டார். வேர்வையைத் துடைத்துத் துடைத்து இவர் மீசை ஒரு காதுவரை போயிருந்தது. மாமனார் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மனசுக்குள் அவருடைய மாத்திரை டப்பா எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"இட்லி ஆறிடப் போவுது" என்றார் மாமனார். "உள்ள வாங்கம்மா. நான் செத்ததுக்கு வந்தது, நானே சாப்புடறேன்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். "என் சாவு சாம்பார்ல வெல்லம் கொஞ்சம் ஜாஸ்திம்மா" என்று அவர் சொன்னதும் எதிர் வீட்டம்மாவுக்கே அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. ஐசியூ வாசலில்கூட அழாத என் வீட்டுக்காரர் அப்போதுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதார். "மசுருதானடா, வளரும்" என்று எச்சில் கையோடு இவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார் மாமனார்.

மறுநாள் காலையில் பால்கனியில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்துகொண்டு பேரனைக் கூப்பிட்டார். "எனக்கு நீயே எடுத்து வுடு. மீசைய மட்டும் தொடாத. உங்கப்பனைக் கிட்டவே சேக்காத." ஒரு கீறல் இல்லாமல் எடுத்துவிட்டான் மகன். வாத்தியார் உள்ளே குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் மீசை திரும்ப வளர்ந்துவிட்டது, மாமனாரும் நன்றாக இருக்கிறார். என்றைக்காவது ஒருநாள் அவர் போகத்தான் போகிறார், அன்று நாங்கள் உடைந்துதான் போவோம். ஆனால் வாயில்கூட வரவிடாமல் நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த பயத்தை அந்த மனுஷன் சாம்பாரில் முக்கிச் சாப்பிட்டுவிட்டதால், இப்போதெல்லாம் அவர் வந்தால் நாங்கள் லைட்டைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம்.