மலை உச்சியில் நெருப்பு

நான் திருவண்ணாமலையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், அன்று காலைதான் ஊருக்கு வந்திருந்த, வெளிநாட்டுக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட நம்ம ஊர்ப் பெண்ணையும் அவள் மாமியாரையும் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். இருட்டும் நேரத்தில் திரும்பினோம். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் மாமியார் அலறினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறினார். உயிர் போய்விடுமோ என்று பயந்து வண்டியை ஓரங்கட்டினேன்.

“அண்ணா, இவங்க தீவுல எரிமலை வெடிச்சு வீடே போயிடுச்சு. இதுவும் வெடிக்குதுனு பயப்படுறாங்க. விளக்குனு சொன்னா நம்பல.”

கதவைத் திறந்தேன். சாலையோரம் ஜனங்கள் மலையைப் பார்த்துக் கும்பிட்டு நின்றார்கள்.

“யாராச்சும் ஓடுறாங்களா, பாக்கச் சொல்லும்மா.”

அந்த அம்மா ஒவ்வொருவராகப் பார்த்தார். மெல்ல மூச்சு சீரானது. எனக்கும்தான்.

“அணைக்கத் தண்ணி வெச்சிருக்கீங்களானு கேக்குறாங்கண்ணா” என்று மருமகள் சிரித்தாள்.

ஊரே கும்பிடும் நெருப்பைப் பார்த்து ஒருவர் நடுங்குவார் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.