முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கார்டு பாக்கியும் ஞாயிற்றுக்கிழமை ஏலமும்

இன்று காலை மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு...

ஏலம் கேட்டேன்!

(சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே சிரித்துவிட்டார்.)

கிரெடிட் கார்டில் முப்பத்தெட்டாயிரம் பாக்கி. எனக்குச் சம்பளம் பதினெட்டாயிரம். மாதாமாதம் மினிமம் ட்யூ மட்டும் கட்டியதில் வட்டிதான் போனது, பாக்கி அசையவில்லை. என் மனைவி சுமதிக்கு இது தெரியாது. தெரிந்தால் தொலைந்தேன்!

சிதம்பரத்தில் என்னோடு செல்போன் கடையில் வேலை பார்க்கும் குமாரிடம் யோசனை கேட்டேன்.

"பாக்கிய ஈஎம்ஐயா மாத்திடு மச்சான். வட்டி கொறையும்."

"ரெண்டு வருசத்துக்கு பில்லு வீட்டுக்கு வருமேடா!"

"அப்ப நகைய அடகு வெய்யி."

"நகை அவ கழுத்துல இருக்குடா!"

"அப்ப சீட்ட எடு. வேற வழியே இல்ல."

சீட்டு! திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் மாவுக்கடை வைத்திருக்கும் செல்வி அக்காவிடம் ஐம்பதாயிரம் ரூபாய் சீட்டு போட்டிருக்கிறேன். (இதுவும் சுமதிக்குத் தெரியாது. ஆமாம், நான் அப்படிப்பட்ட ஆள்தான்.)

மாதம் ஒரு ஏலம். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ, தள்ளியது போக மீதிப் பணம் அவருக்கு; தள்ளிய தொகை எல்லோருக்கும் பங்காகக் கழியும். வர முடியாதவர்கள் போனில் கேட்கலாம். ஆனால் ஏலம் முடியும்வரை அக்கா பெயரைச் சொல்ல மாட்டார், நம்பர் மட்டும்தான். பெயர் தெரிந்தால் சொந்தக்காரர்கள் விட்டுக்கொடுத்துவிடுவார்களாம்!

"நாலாம் நம்பரு ஆறாயிரம்! இன்னொரு போன்ல பதினேழாம் நம்பரு ஏழாயிரம்!"

நான்தான் நாலு. யார் இந்தப் பதினேழு?

எட்டு என்றேன். பதினேழு ஒன்பது என்றது. பத்து என்றேன். பதினொன்று!

"பதினொண்ணு ஐநூறுக்கா!" என்று கிசுகிசுத்தேன்.

"பதினேழாம் நம்பரு பன்னெண்டாயிரம்! தம்பி, நீ மேல கேக்குறியா?"

அதற்கு மேல் தள்ளினால் கையில் வருவது கார்டுக்குப் பத்தாது. பாவிப் பதினேழு!

அப்போது அக்காவின் இன்னொரு போனிலிருந்து குக்கர் விசில் கேட்டது.

அதே விசில், கீழே எங்கள் வீட்டிலும்!

நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கினேன். சமையலறையில் சுமதி போனும் கையுமாக நின்றாள்.

"நீதான் பதினேழா?"

"நீங்கதான் நாலா? அய்யோ, வெலைய ஏத்திவுட்டீங்களே!"

"ஒனக்கு எதுக்குடி சீட்டு?"

"தையல் மிஷினு வாங்கதான் போட்டேன். போன மாசம் சட்டையில ஒங்க கார்டு பில்லு கெடந்துது. மொதல்ல அத கட்டித் தொலைப்போம்னு கேட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"ரெண்டு பேரும் சேந்து எங்களுக்கெல்லாம் நல்ல தள்ளுபடி குடுத்துட்டீங்க, ரொம்ப சந்தோசம்!" என்று போனில் செல்வி அக்கா. பின்னால் கைதட்டல் வேறு!

சாயங்காலம் சுமதியின் சீட்டுப் பணம் முப்பத்தெட்டாயிரம் வந்தது. இருவரும் உட்கார்ந்து கார்டு பாக்கியை முழுசாகக் கட்டினோம். பூஜ்யம்!

ஐந்தே நிமிடத்தில் என் போனில் ஒரு மெசேஜ். சுமதிதான் சத்தமாகப் படித்தாள்.

"வாழ்த்துகள்! ஒங்க கார்டு லிமிட் ஒரு லட்சமா உயர்த்தப்பட்டிருக்கு..."

நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு காலையில அந்தக் கஸ்டமர் கேருக்கு போன போடுங்க. கார்ட மூடணும்னு நான் பேசிக்கிறேன்."

நண்பர்களே, உங்களில் யாராவது கஸ்டமர் கேரில் வேலை பார்த்தால், தயவுசெய்து நாளைக்கு லீவு போட்டுவிடுங்கள்!