ஸ்கேன் படம் பார்க்க வந்தவர்கள்

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் பருத்தி விவசாயம் பார்த்துவந்த ஒச்சாயிக்கு அறுபத்தைந்து வயதில் எல்லாமே அலுத்துப்போனது. காட்டுக்குப் போகவில்லை, சோறு இறங்கவில்லை, விடிந்தும் பாயை விட்டு எழவில்லை. "மனசு செத்துப்போச்சுப்பா" என்று மகன் சோணையிடம் பலமுறை சொன்னாள். "அத்தைக்கு வேலை செய்ய உடம்பு வணங்கல" என்றாள் மருமகள். ஊரும் அதையே சொன்னது. ஒருவரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

அது 1988ஆம் வருஷம். மதுரை டாக்டர் ஒருவர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, "கட்டி எதுவும் இல்லை. மூளை லேசாச் சுருங்கி, உள்ளே மங்கலாத் திட்டு இருக்கு. வயசான காலத்துல மனச்சோர்வு வர்றவங்க சிலர்கிட்ட இதைப் பார்க்கிறோம். மாத்திரை எழுதுறேன். அவங்களைத் தனியா விடாதீங்க" என்றார்.

சோணை படத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சேதி பரவிவிட்டது. மறுநாள் ஹார்லிக்ஸும் ரொட்டியும் சாத்துக்குடியுமாக வீடு நிறைந்தது. சீக்காளியை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதாம். நேற்றுவரை அவள் சீக்காளியாகவே இல்லையே! ஆளாளுக்குப் படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "அடியாத்தி, எம்புட்டுத் திட்டு!" என்று உச்சுக்கொட்டினார்கள். பாயில் கிடந்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரொம்ப வலிக்குதா அத்தை?" என்று கடைசியில் மருமகள் கேட்டாள். அதையும் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஒச்சாயி சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள்.

"அதுகிட்டயே கேளு தாயி."