பளிங்கு அத்தானின் நீலக் கல்

என் அக்கா புருஷன் நீச்சல் குளத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவராகச் சொல்ல மாட்டார். அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாகக் குளத்தின் விளிம்பில் இங்கும் அங்கும் நடப்பார். முழங்கால் தண்ணீரில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்து விசிலடிப்பார். ஆழமான பக்கம் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார்.

அவருடைய உண்மையான அதிகாரம் மருந்து அறையில்தான். அதன் சாவி அவர் இடுப்பில் தொங்கும். குளோரின் வாளிகள், அமில கேன்கள், பாசி பிடித்தால் கரைத்து ஊற்றுகிற மயில்துத்தம் என்ற நீலக் கல் எல்லாம் அவருடைய சொத்து மாதிரி. "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கணும்" என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்ததில், கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குப் பளிங்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்த பேர். மனுஷன் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு, போனை எடுத்தால் "பளிங்கு பேசறேன்" என்கிறார்.

ஒருமுறை அவர் கொட்டிய குளோரினில் குளித்த பிள்ளைகளெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பெற்றவர்கள் சண்டைக்கு வந்தபோது, "கண்ணு எரியுதுன்னா தண்ணி சுத்தமா இருக்குன்னு அர்த்தம்" என்று பாடம் நடத்தினார். அடி வாங்காமல் வீடு வந்து சேர்ந்தது அவர் செய்த புண்ணியம் இல்லை, என் அக்கா செய்த புண்ணியம்.

வீட்டிலும் இதே கூத்துதான். குளியலறைத் தரையில் என்னத்தையோ ஊற்றி, பூப்போட்ட தரையைப் பூ இல்லாத தரையாக்கினார். ஜன்னல் திரையை ஊறப்போட்டுச் சல்லடையாக்கினார். யாராவது கேட்டால் அக்கா முந்திக்கொண்டு, "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்பாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டுவார். நான் அதே கட்டடத்தில் மேல் மாடியில் இருக்கிறேன். அந்தத் தலையாட்டலைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவைப் பார்த்தாலும்தான்.

அக்காவுக்கென்று அந்த வீட்டில் இருந்தது பால்கனி ஒன்றுதான். அதில் பூச்சி தின்னும் செடிகள் வளர்த்தாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ வந்து உட்கார்ந்ததும் மூடிக்கொள்கிற ஈப்பொறி, இலையெல்லாம் பசைத் துளியாக மினுங்குகிற பனித்துளிச் செடி, மூடி போட்ட குடுவை மாதிரித் தொங்குகிற குடுவைச் செடி. மற்ற செடிகளுக்கு உரம் போட்டால் செழிக்கும், இவற்றுக்குப் போட்டால் சாகும். சத்தே இல்லாத நார்மண்ணில்தான் வளரும். குழாய்த் தண்ணீரில் இருக்கிற உப்புகூட ஆகாது. அக்கா மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பாள். மழை இல்லாத நாளில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கடையில் வாங்கித் தொட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டில் ஊற்றுவாள். செடி வேண்டிய மட்டும் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பல செடிகள் அவள் விதை போட்டு முளைக்க வைத்தவை. அத்தானைப் பொறுத்தவரை அது "உங்க அக்காவோட பைத்தியம்".

ஊர்ப் பூங்காவில் செடி வளர்க்கிற பெரிய கண்ணாடிக்கூடம் ஒன்று உண்டு. அதன் பொறுப்பாளரான மேடத்தை அக்கா விதை வாங்கப் போன இடத்தில் பழக்கம் பிடித்திருந்தாள். அங்கே இந்த மாதிரிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். "உங்க வீட்டுக்கு ஒருநாள் வரேன். செடிங்களப் பாக்கறேன். நீங்க சொல்ற மாதிரி இருந்தா, வேலைக்கு வந்துடுங்க" என்று மேடம் சொல்லிவிட்டார். அக்கா வாழ்நாளில் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. அந்தச் சேதியை என்னிடம் சொல்ல மாடி ஏறி வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடம் வருவதற்கு முந்தின வாரம் தொட்டிகளில் பாசி படர்ந்தது. மண்ணின் மேல் வழவழவென்று பச்சை, தட்டுத் தண்ணீரிலும் பச்சை. அக்கா கலங்கவில்லை. "ஈரமும் வெளிச்சமும் சேர்ந்தா பாசி வரத்தான் செய்யும். செடிய அது ஒண்ணும் பண்ணாது, சின்ன நாத்துங்கள மூடாமப் பாத்துக்கிட்டாப் போதும்" என்று சொல்லி, ஒரு டீஸ்பூனால் மேல் மண்ணை வழித்து எடுத்தாள். அதன்மேல் கழுவிய மணலைத் தூவினாள். தட்டில் தண்ணீரைக் குறைத்து, வெயில் படாமல் ஓரத்தை அட்டையால் மறைத்தாள். எனக்குக் கொடுத்திருந்த ஈப்பொறித் தொட்டிக்கும் மேலே வந்து இதையே செய்துவிட்டுப் போனாள்.

அந்த நேரம் பார்த்து நீச்சல் குளத்துச் செயலாளர் ஏதோ கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்தார். பால்கனியை எட்டிப் பார்த்தவர் சும்மா இருக்கக் கூடாதா?

"என்ன பளிங்கு, வீட்டுல பாசிப் பண்ணை வச்சிருக்கீங்க போல!"

சொன்னவர் சிரித்துவிட்டு மறந்திருப்பார். அத்தானுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "நாளைக்குக் குளத்துல எல்லாரும் சிரிப்பாங்க. என் வீட்டுல பாசியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஏங்க, அது தானா அடங்கிடும். கொஞ்சம் பொறுங்க" என்றாள் அக்கா.

"ஸ்பூன் வச்சுச் சுரண்டினா பாசி போகுமா? நான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன்."

"இதுல மட்டும் கை வைக்காதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

மறுநாள் எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அக்கா துணைக்கு வந்தாள். நாங்கள் திரும்பியபோது அத்தான் பால்கனியில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். ஏதோ யுத்தத்தில் ஜெயித்துவிட்டு வந்தவரைப் போல ஒரு முகம். தட்டுகளில் தண்ணீர் இளநீலமாக மினுங்கியது.

"பாத்தியா? ஒரே கைப்பிடி. பாசி காலி" என்றார்.

அக்கா பையைக் கீழே போட்டாள். தட்டுகளைக் கவிழ்த்து, சேர்த்து வைத்திருந்த மழைத் தண்ணீரையெல்லாம் ஊற்றி ஒவ்வொரு தொட்டியாக அலசினாள். என் வாயில் பஞ்சு இருந்ததால் அத்தானை நன்றாக நாலு வார்த்தை கேட்க முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அலசி என்ன பிரயோஜனம்? பாசி எந்த மருந்தில் சாகுமோ அந்த மருந்தை வேரும் குடித்திருந்தது. முதலில் பனித்துளிச் செடியின் துளிகள் காய்ந்தன. ஈப்பொறிகள் திறந்த வாய் திறந்தபடியே கறுத்தன. குடுவைகள் சுருங்கி உதிர்ந்தன. "வெயில் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார் அத்தான். வெயிலாம்!

சொன்ன நாளில் மேடம் வந்தார். நானும் கீழே இறங்கிப் போயிருந்தேன். செத்த செடிகளைத் தூக்கிப் போட அக்காவுக்கு மனசு வரவில்லை. எல்லாம் அப்படியே வரிசையாக இருந்தன. மேடம் குனிந்து ஒரு தொட்டியை எடுத்தார். மண்ணை விரலால் கிளறினார். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த நீலக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது துத்தம். யார் போட்டது?"

அத்தான் தொண்டையைச் செருமினார்.

"இவதாங்க. அவசரக்குடுக்கை. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல" என்றார். சொல்லிவிட்டு, வழக்கமாக அக்கா பேசுகிற இடத்தில் ஓர் இடைவெளி விட்டு, தலையாட்டத் தயாராக நின்றார்.

இவள் வழக்கம்போல் ஆமாம் என்றால் அந்த வேலை போச்சு, இனி எந்த வேலையும் இல்லை, இந்த வீட்டுச் சமையலறையிலேயே அவள் காலம் முடியும். அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்தாள்.

"நான் போடல, மேடம். இவர்தான் போட்டார். போட்டா செத்துடும்னு எனக்குத் தெரியும். கை வைக்காதீங்கன்னு இவர்கிட்ட சொல்லவும் செஞ்சேன்."

அதோடு நிறுத்தவில்லை. பாசிக்கு என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் இரண்டு இரண்டு படியாக மாடி ஏறி, என் ஈப்பொறித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடம் கையில் கொடுத்தேன். மணலுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நடுவில் செடி ஜம்மென்று நின்றது. மேடம் புல் நுனியால் ஒரு வாயைத் தொட, அது சட்டென்று மூடிக்கொண்டது.

"எங்க கூடத்துலயும் பாசிதான் பெரிய தலைவலி. வர்றவங்க எல்லாரும் ஒரு மருந்தத் தூக்கிட்டு வர்றாங்க. ஸ்பூனத் தூக்கிட்டு வர ஆள்தான் கிடைக்கல. திங்கக்கிழமை வந்துடுங்க, அம்மா."

போகும்போது மேடம் அத்தானிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கதவு சாத்தியதும் அவர் குதித்தார்.

"என் மானத்த வாங்கிட்டியே! வெளி ஆள் முன்னால புருஷனக் காட்டிக் குடுப்பியா?"

அக்கா செத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அவரைக் காப்பாற்றிய அந்த வாய் திறக்கவே இல்லை. அத்தான் கத்திக் களைத்து, சோபாவில் உட்கார்ந்து, விசிலைக் கழற்றி, மறுபடி மாட்டினார். பெரிய கவலை ஒன்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

"நீ வேலைக்குப் போயிட்டா, சாயங்காலம் நான் வர்ற நேரத்துக்கு டீ யார் போடறது?"

"டீத்தூள் மேல் தட்டுல இருக்கு" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல். "ஒருத்தருக்கு ஒரு ஸ்பூன் போதும்."